கேபிளை விட்டு இணையத்தில் டிவி பார்க்க மாறுவது எப்படி?

வீட்டில் வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறது, டிவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். மாறும் வேலையில் பெரும்பாலானது எளிதுதான். மூன்றாவது படி மட்டும் என்னை நீண்ட நாள் குழப்பியது, அதனால் அதை விரிவாக எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: கேபிளை இப்போது நிறுத்த வேண்டாம். அது கடைசி வேலை.

படி 1: யார் எதைப் பார்க்கிறார்கள்?

வீட்டில் உண்மையில் ஓடும் சேனல்களை ஒரு வாரம் தாளில் குறித்து வையுங்கள். நூற்றுக்கணக்கில் சேனல் வந்தாலும் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த ஆப்பில் கிடைக்கிறது, நேரலையாகவா, பிறகா என்று பாருங்கள். செய்தியும் விளையாட்டும் நேரலையில் வேண்டும், தொடர்களுக்கு அவசரமில்லை. எல்லாச் சந்தாவையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். மாதச் சந்தா ஒன்றை எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

படி 2: கருவி

ஸ்மார்ட் டிவி இருந்தாலும், எச்டிஎம்ஐ துளையில் சொருகி இணைய ஆப்களை டிவியில் ஓட்டும் தனி ஸ்டிக் வாங்குவதையே நான் சொல்வேன். டிவிக்குள் இருக்கும் மென்பொருளுக்குச் சில ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்றுவிடும், ஆப்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். ஸ்டிக்கை மாற்றினால் போதும், டிவியை மாற்ற வேண்டாம். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு ‘வைட்வைன் எல்1’ சான்று (படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டின் உயர்நிலைச் சான்று) இருக்காது. அது இல்லாவிட்டால், 4கே என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் பல ஆப்களில் மங்கலான படம்தான் வரும்.

ஸ்டிக்குக்கு மின்சாரத்தை அதனுடன் வந்த அடாப்டரிலிருந்தே கொடுங்கள். டிவியின் யுஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியர் தருவதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது. அது போதாமல் ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எழும்.

படி 3: வேகத்தை டிவி இருக்கும் இடத்தில் அளங்கள்

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி 1080பி (முழு எச்டி) தரத்துக்கு 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) வேகம், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் போதும். இன்றைய சாதாரண இணைப்பிலேயே இது கிடைக்கும். பிறகு ஏன் படம் நின்று நின்று சுழல்கிறது? நாம் வாங்கிய வேகம் ரூட்டர் வரை வருகிறது. டிவிக்குப் பின்னால் சொருகிய ஸ்டிக்குக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது வேறு கணக்கு. ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் சோதிப்பது இதற்கு உதவாது.

சோதனையை ஸ்டிக்கிலேயே செய்யுங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் உதவிப் பகுதியில் இணைப்பைச் சோதிக்கும் வசதி உண்டு. பகலில் இல்லை, எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில். அதே நேரத்தில் ஒரு கணினியை ரூட்டரில் ஒயர் மூலம் இணைத்து அங்கேயும் அளங்கள். ஒயரிலும் வேகம் குறைந்தால் சிக்கல் இணைப்பு தருபவரிடம் இருக்கிறது. நீங்கள் எந்தக் கருவி வாங்கினாலும் தீராது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒயரில் நன்றாக வந்து ஸ்டிக்கில் குறைந்தால் சிக்கல் உங்கள் வைஃபையில்.

அதற்குச் செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். பல ஸ்டிக்குகளுடன் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வரும். அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து வெளியே தள்ளி வையுங்கள். டிவியின் உலோகப் பாகங்கள் சிக்னலை மறைக்கும், இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். அப்புறம் ரூட்டர் அமைப்பில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே அறை என்றால் ஸ்டிக்கை 5-இல் இணையுங்கள். இடையில் சுவர்கள் அதிகம் என்றால் 2.4 தான் எட்டும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதில்தான் நெரியும். 2.4-க்குள் இருக்கும் வைஃபை சேனல்களில் (டிவி சேனல் அல்ல, அலைவரிசையின் சிறு பிரிவுகள்) 1, 6, 11 ஆகியவை ஒன்றின் மேல் ஒன்று விழாது, ரூட்டர் அமைப்பில் மூன்றில் காலியானதைத் தேர்ந்தெடுங்கள்.

எதுவும் சரிவரவில்லையா? ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் கருவி) வாங்கும் முன், ரூட்டரிலிருந்து ஈதர்நெட் ஒயர் (நெட்வொர்க் ஒயர்) இழுக்க முடியுமா என்று பாருங்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஒயர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 4: டேட்டா

5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி, 15 என்றால் 6.75 ஜிபி. உங்கள் திட்டத்தில் வரம்பு இருந்தால் ஆப்பில் தரத்தை 1080பி-யில் நிறுத்தி வையுங்கள்.

படி 5: கேபிளை நிறுத்துவது

ஒரு மாதம் இரண்டையும் ஓட்டுங்கள். யாரும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைத் தொடவில்லை என்று தெரிந்த பிறகு நிறுத்தலாம். இணையமும் அதே கேபிள்காரரிடமிருந்து வருகிறது என்றால், ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

விளையாட்டு நேரலை கேபிளைவிடப் பின்தங்கி வருகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். அது உங்கள் இணைப்பின் குறை அல்ல. இணையத்தில் படம் சில விநாடித் துண்டுகளாக வருகிறது. ஆப் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டும். அரை நிமிடம் வரை தள்ளிப்போகலாம்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும் உள்ள பழைய டிவிக்கு ‘எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி’ மாற்றி வேண்டும். எதிர்த் திசையில் மாற்றுவதும் அதே தோற்றத்தில் கிடைக்கிறது, எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

4கே டிவி, 4கே ஸ்டிக், வேகமும் சரி, ஆனாலும் 4கே வரவில்லை என்று கேட்டவர்களுக்கு: சில டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ துளைக்கும் எச்டிசிபி 2.2 (4கே படத்துக்குத் தேவையான நகல் தடுப்பு முறை) இருக்காது. கையேட்டில் பார்த்து, அது உள்ள துளைக்கு மாற்றிச் சொருகுங்கள். சந்தாவும் 4கே தரும் திட்டமா என்று ஒருமுறை பாருங்கள்.