எந்தச் சாதனம் எவ்வளவு யூனிட் இழுக்கிறது? மீட்டரைப் பார்த்தே கணக்கிடலாம்

தக்கலை, திங்கள்நகர், குளச்சல் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். பழுது பார்க்கப் போகும் வீடுகளில் பெரியவர்கள் கரண்ட் பில்லை நீட்டி, "மக்களே, ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு வருமா?" என்று கேட்பார்கள். சிலர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பார்கள். சிலர் மிக்ஸியைக் குறை சொல்வார்கள். இன்னும் சிலர் பழைய பிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க முடிவே செய்திருப்பார்கள். அளந்து பார்க்காமல் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. மீட்டரும் கைபேசியும் ஒரு நோட்டும் போதும்.

மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகில் 3200 அல்லது 1600 போன்ற ஓர் எண் அச்சடித்திருக்கும். விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று பொருள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. இந்த இரண்டையும் சேர்த்தால் கணக்கு வந்துவிடும். 3200 எண் உள்ள மீட்டரில், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான விநாடியால் 1125-ஐ வகுத்தால், அந்த நேரம் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, உங்கள் மீட்டருக்கான எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மினுக்கலை வைத்து அளந்தால் தவறும். பத்து மினுக்கலுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுங்கள். ஹீட்டர் ஓடும்போது விளக்கு மிக வேகமாக மினுக்கும், கண்ணால் எண்ண முடியாது. அப்போது கைபேசியில் வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள்.

முதலில் அளக்க வேண்டியது ஒன்றுமே ஓடாத வீட்டைத்தான். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் அதிகம் தெரியவருவது இங்கேதான். விளக்கு, விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணையுங்கள். செட்டாப் பாக்ஸ், வைஃபை, சுவரில் செருகியிருக்கும் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை வழக்கமாக இருப்பதுபோலவே இருக்கட்டும். 3200 மீட்டரில் பத்து மினுக்கலுக்கு 225 விநாடி ஆனால், அது 50 வாட். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 50 வாட் நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டில் முக்கால் பங்கு, யாரும் ஒன்றும் பயன்படுத்தாமலேயே போய்விடுகிறது. இப்படி ஒரு வீட்டில் மிக்ஸியைத் திட்டிப் பயனில்லை. 500 வாட் மிக்ஸி தினம் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்தான் வரும்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் எல்லா எண்ணும் கூடுதலாக வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தாலும் சரியாக வராது, அப்போது இன்வெர்ட்டர் லைனில் உள்ள விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடும், மீட்டருக்கு அவை தெரியாது. பேட்டரி நிறைந்த பிறகு, பிளக் செருகியபடியே அளப்பதுதான் சரி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போன நாளிலும் அதற்கு மறுநாளிலும் அளக்காதீர்கள்.

அடிப்படை அளவு கிடைத்ததும் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, அந்த அளவைக் கழித்துக்கொண்டே வாருங்கள். மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அது மோட்டார் வெளியே தரும் வேலை, உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். என் வீட்டு 3200 மீட்டரில் 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 50 மினுக்கலுக்கு 46 விநாடி ஆகிறது. கணக்குப்படி சுமார் 1220 வாட், அதில் அடிப்படை 50 கழித்தால் 1170. மழைக்காலத்தில் கிணறு நிறைந்திருக்கும்போது டேங்க் 25 நிமிடத்தில் நிரம்பும், அதற்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கீழே போனதும் 40 நிமிடம் எடுக்கும், அப்போது 0.78 யூனிட். தினம் ஒருமுறை போட்டால் இரண்டு மாதத்தில் 29-க்கும் 47-க்கும் உள்ள வித்தியாசம். கோடையில் பில் ஏறினால் எல்லோரும் விசிறியை மட்டும்தான் சந்தேகிக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது உண்டு. ஹீட்டரில் 2000 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்கு. 190 வோல்ட்டில் அதே ஹீட்டர் சுமார் 1365 வாட்தான் இழுக்கும், ஏனென்றால் வோல்டேஜ் குறையும் விகிதத்தின் வர்க்கத்தில் வாட் குறைகிறது. ஆனால் தண்ணீர் சூடாக அதற்கேற்பக் கூடுதல் நேரம் எடுக்கும், யூனிட்டில் பெரிய லாபம் இராது. அதனால்தான் சாதனத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாமல் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன். கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வரும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கியும் மோட்டாரைக் கணக்கிடாதீர்கள். மோட்டாரிலும் பிரிட்ஜிலும் அந்தக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

பிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் வாட் மட்டும் போதாது. கம்ப்ரஸர் ஓடும்போது எவ்வளவு, எத்தனை நிமிடம் ஓடி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஒரு மதியம் உட்கார்ந்து குறியுங்கள். 120 வாட், ஓடும் பங்கு 40 சதவீதம் என்றால் நாளுக்கு 1.15 யூனிட், இரண்டு மாதத்துக்கு 69. மீன் வாங்கி உள்ளே அடைத்த நாளில் அளந்தால் பங்கு கூடும், சாதாரண நாளில் அளங்கள்.

விசிறிக்கு எளிய கணக்கு. பழைய விசிறி 75 வாட், பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) 18. புதுசு வாங்குவதாக இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான், அதுவும் அதிக நேரம் ஓடும் படுக்கையறை விசிறிக்கு.

ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீடுகளில் மினுக்கலை எண்ணும் வேலை பாதி குறையும். அது 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை யூனிட்டைப் பதிந்துவைக்கும். அரை மணி எண்ணை இரண்டால் பெருக்கினால் சராசரி கிலோவாட். இரவு 2 முதல் 4 மணி வரையிலான எண்களை முதலில் பாருங்கள். அரை மணிக்கு 0.12 என்றால் 240 வாட். இரண்டு பழைய விசிறிக்கு 150 போனால் மிச்சம் 90, அது பிரிட்ஜும் சும்மா நிற்கும் சாதனங்களும் சேர்ந்தது. இப்போது காலையைப் பாருங்கள். வழக்கமாக 0.10 இருக்கும் இரண்டு அரை மணிகளில் 0.31, 0.38 என்று வந்தால், கூட்டி 0.20 கழியுங்கள். மிஞ்சும் 0.49 மோட்டாருடையது. ஒரே நேரத்தில் மோட்டாரும் கிரைண்டரும் ஓடினால் பிரிக்க முடியாது. அதனால் ஒரு வாரம் மட்டும், எதை எப்போது போட்டோம் என்று அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டிக் குறித்துவாருங்கள். வேலை செய்கிறவர் குறித்தால்தான் சரியாக இருக்கும், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் குறிப்பே எனக்கு உதவியிருக்கிறது.

கூரையில் சோலார் வைத்து நெட் மீட்டர் (லைனிலிருந்து வருவதையும் லைனுக்குப் போவதையும் பதியும் மீட்டர்) உள்ள வீடுகளில் பகல் எண்களை இப்படி நம்ப முடியாது, சோலார் தந்ததில் வீட்டுக்குள்ளேயே செலவானது மீட்டருக்கு வராது. சூரியன் இறங்கியபின் அளங்கள்.

எல்லாவற்றையும் 60 நாளுக்குப் பெருக்கிக் கூட்டி, பில்லில் உள்ள யூனிட்டோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மொத்தம் 500-ஐ ஒட்டி வந்தால் மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம் கட்டுவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்தால் எங்கே 20 யூனிட் குறைக்கலாம் என்று தெரியும்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள், விளக்கு மினுக்கக் கூடாது. மாடியில் தனி இணைப்பில் வாடகைக்கு ஆள் இருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டும். உங்கள் சாதனங்களை எல்லாம் அணைத்து மெயினை ஆனில் வைத்து, மாடியில் அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லுங்கள். உங்கள் மீட்டர் விளக்கு வேகமெடுத்தால் இரண்டு வீட்டு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எங்கேயோ கலந்திருக்கிறது. இப்போதுள்ள மீட்டர்களில் பல, பேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் இரண்டில் எதில் கரண்ட் கூடுதலோ அதைத்தான் பதிகின்றன. வயரிங் தெரிந்தவரை வைத்து நியூட்ரலைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் இ.பி. ஆபீஸில் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், உங்கள் நோட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். மீட்டர் சீலில் மட்டும் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.