புது ஹவுஸ் சர்ஜன் வார்டுக்கு வரும்போது: இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் நான். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் ஹவுஸ் சர்ஜன்களாகத் துறை துறையாகச் சுற்றி வருகிறார்கள். வார்டு பழகுவதற்குள் போஸ்டிங் முடிந்து அடுத்த பேட்ச் வந்துவிடுகிறது. அதனால் போகப்போகப் பழகிக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. வார்டில் நிலையாக இருப்பவர்கள் நாம்தான், நாம்தான் தொடங்கவும் வேண்டும்.

முதல் நாள் ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி எமர்ஜென்சி ட்ரே, ஆக்சிஜன், ஈசிஜி மெஷின், ரத்த வங்கி ஃபாரம் எல்லாம் எங்கே என்று காட்டுங்கள். டியூட்டியில் இருக்கும் நர்ஸ்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். வயதில் நம் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் நோயாளி முன்னால் 'தம்பி', 'பாப்பா' வேண்டாம், டாக்டர்தான். அவர்களும் 'சிஸ்டர்', 'பிரதர்' என்றே கூப்பிடட்டும்.

இரண்டு தரப்பும் அதிகம் முட்டிக்கொள்வது ராத்திரி போனில்தான். "டாக்டர், பேஷன்ட் சரியில்லை, வாங்க" என்றால், நாலு வார்டு பார்க்கும் பிள்ளைக்கு எது அவசரம் என்று எப்படித் தெரியும்? எங்கள் நர்ஸ்களுக்கு நான் பழக்கியிருப்பது இப்படி:

"டாக்டர், ஆறாவது பெட் அம்மாவுக்கு பி.பி. 90/70, பல்ஸ் 124. டெங்கு கேஸ், இன்றைக்குக் காலையில்தான் காய்ச்சல் விட்டது. கை கால் சில்லென்று இருக்கிறது, நாலு மணி நேரமாக யூரின் போகவில்லை. ஷாக்குக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். உடனே வாங்க, சீனியர் பி.ஜி. டாக்டருக்கும் சொல்லட்டுமா?"

நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, என்ன வேண்டும், இந்த நாலும் அதில் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த 'எஸ்பார்' (SBAR) முறை இதுதான். நர்ஸ்கள் தயங்குவது மூன்றாவதில். 'நான் எப்படி டயக்னோசிஸ் சொல்வது' என்பார்கள். சொல்லுங்கள். 90 என்பதை மட்டும் கேட்டால் சாதாரணமாகத் தோன்றலாம். மேலே 90, கீழே 70, இடைவெளி 20தான் என்பது டெங்குவில் ஆபத்து, உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் ஷாக்கின் அறிகுறி, அதுவும் காய்ச்சல் விட்ட பிறகு. புதியவருக்கு அது சட்டென்று உறைக்காமல் போகலாம். உங்கள் ஒரு வாக்கியம் அவரை ஓட வைக்கும்.

ஆர்டரைத் திருப்பிக் கேட்பதும் பழக வேண்டும். கேஸ் ஷீட்டில் 'கேசிஎல் 1 ஆம்ப் ஐ.வி.' (பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பியூல், நரம்பு வழியாக) என்று மட்டும் இருந்தால், "எத்தனை எம்.எல். சலைனில், எவ்வளவு நேரத்தில் டாக்டர்?" என்று கேட்காமல் மருந்தைத் தொடக்கூடாது. அதைக் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இன்சுலினுக்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போட்டால் 4 என்பது 40 ஆகத் தெரியும். 'யூனிட்' என்று முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் வந்த ஆர்டர் என்றால் எழுதி, வாசித்துக் காட்டி, 'சரி' வாங்கிய பிறகுதான் மருந்து. வார்டுக்கு வந்ததும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

இப்படிக் கேட்ட நர்ஸிடம் டாக்டர் எரிந்து விழுந்தால் அதே ஷிஃப்டில் இன்சார்ஜ் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அட்டெண்டர்கள் முன்னால் வேண்டாம். மறுபடி நடந்தால் உதவிப் பேராசிரியரிடம் போங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு தடவை அவமானப்பட்ட நர்ஸ் அடுத்த தடவை கேட்க மாட்டார், பாதிக்கப்படுவது நோயாளி.

ரவுண்ட்ஸில் அந்தந்த பெட்டைப் பார்க்கும் நர்ஸ் கூடவே நிற்கட்டும். வயதானவர்களுக்கு வெய்ன் கிடைக்காமல் ஹவுஸ் சர்ஜன் திணறினால் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம் அவரிடம் ஈசிஜி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போஸ்டிங் முடியும் நாளில் பழையவர் புதியவரிடம் ஒப்படைக்கும்போது ஒரு நர்ஸ் உடன் இருக்க வேண்டும். வராத ரிப்போர்ட்களை பெட் வாரியாக எழுதி வாங்குங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அனுப்பியவர் அதற்குள் வேறு துறைக்குப் போயிருப்பார்.