சென்னைக்கு இரண்டு நாள்: மயிலையிலிருந்து பாரிமுனை வரை ஒரு கடலோரத் திட்டம்

சென்னையைச் சுற்றிப் பார்க்க முதல்முறை வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். வண்டலூர், மாமல்லபுரம், தி.நகர், ஏதாவது ஒரு மால், கடைசியாக மெரினா. இரண்டு நாளில் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் பாதி நேரம் ஜிஎஸ்டி சாலையிலும் ஈசிஆரிலும் வண்டிக்குள்ளேயே போய்விடும்.

நான் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான். மயிலாப்பூரில் தொடங்குங்கள், கடலை ஒட்டியே வடக்கே போய்ப் பாரிமுனையில் முடியுங்கள். சுமார் எட்டு கிலோமீட்டர் தூரம். அதற்குள் சிவன் கோயில், தோமையார் கல்லறை, திவ்யதேசம், ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டிய பள்ளிவாசல், ஆங்கிலேயர் கோட்டை, ஆர்மீனியர் தேவாலயம், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை எல்லாம் வந்துவிடும். பெரும்பாலானவை இன்றும் வழிபாடு நடக்கும் இடங்கள். நடை திறக்கும் நேரமும் தொழுகை நேரமும்தான் உங்கள் திட்டத்தை முடிவு செய்யும். அதை மனதில் வைத்து ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: நாள் குறியுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், டிசம்பர் வரை எந்த நாளும் தெருவில் தண்ணீர் நிற்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பகலில் நடக்க முடியாது. ஆகஸ்ட்டில் வெயில் இருந்தாலும் ஒரு லாபம் உண்டு. ஆங்கிலேயருக்குக் கோட்டை கட்ட நிலம் கொடுத்த 1639 ஆகஸ்ட் 22ஐச் சென்னை தினமாகக் கொண்டாடுவதால், அந்த வாரம் ஊர் முழுக்க வரலாற்று நடைப்பயணங்கள் நடக்கும்.

பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா. விழாவுக்காகவே வருவதென்றால் தாராளமாக வாருங்கள். கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தள்ளிவிடுங்கள், மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

கிழமைகளில் வெள்ளி வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அன்று விடுமுறை. பெரிய பள்ளிவாசலிலும் ஜும்மா கூட்டம் இருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொருத்தம்.

படி 2: தங்கும் இடம்

திருவல்லிக்கேணி அல்லது எழும்பூர். தெற்கிலிருந்து வரும் இரவு ரயில்கள் பல எழும்பூருக்கே வருகின்றன, இறங்கியதும் அறைக்குப் போய்க் குளித்துவிட்டுக் கிளம்பலாம். தனியாகவோ நண்பர்களோடோ வருகிறவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் லாட்ஜுகளும் செலவு குறைவு. குடும்பத்தோடு வந்தால் எழும்பூரே வசதி. மலிவு என்று பார்த்துத் தாம்பரத்திலோ ஓஎம்ஆரிலோ அறை எடுக்காதீர்கள். மிச்சம் பிடித்ததை வண்டிக்குக் கொடுத்துவிடுவீர்கள், நேரமும் போகும்.

படி 3: பறக்கும் ரயிலைப் பழகிக்கொள்ளுங்கள்

வேளச்சேரியிலிருந்து சென்னை கடற்கரை வரை ஓடும் பறக்கும் ரயில் நமக்காகவே போட்ட தடம் மாதிரி இருக்கும். திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சென்னை கோட்டை, கடைசியாகச் சென்னை கடற்கரை. நாம் பார்க்கப்போகும் எல்லா இடத்துக்கும் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்கினால் மெரினா வராது. அது பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாருக்கு எதிரே இருக்கிறது. மெரினாவுக்குக் கலங்கரை விளக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கிக் கிழக்கே நடக்க வேண்டும்.

பாரிமுனையைச் சுற்றியுள்ள பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்கு மெட்ரோவும் உண்டு. உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு நிலையங்கள். லஸ், மயிலாப்பூர்ப் பக்கம் புதிய மெட்ரோ வேலை நடப்பதால் சாலைகளை அடிக்கடி திருப்பிவிடுகிறார்கள். அங்கே ஆட்டோவைவிட ரயிலும் நடையும் மேல்.

படி 4: சனிக்கிழமை, மயிலையும் அல்லிக்கேணியும்

காலை ஏழு மணிக்கெல்லாம் கபாலீசுவரர் கோயிலில் இருங்கள். நடுப்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். உள்ளே புன்னை மரத்தடியில் அம்பாள் மயில் வடிவில் சிவனை வழிபட்ட சன்னதியைத் தவறவிடாதீர்கள், ஊருக்குப் பெயர் கொடுத்த கதையே அதுதான். பழைய கோயில் கடற்கரையில் இருந்தது. போர்த்துகீசியர் காலத்தில் அது இடிபட்டு, இப்போதுள்ள இடத்தில் எழும்பியது. இதைத் தெரிந்துகொண்டு அடுத்துச் சாந்தோம் போனால் இரண்டு இடமும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கம் என்பது புரியும்.

வெளியே வந்ததும் மாட வீதிகளை ஒரு சுற்று சுற்றுங்கள். பூக்கட்டுகிறவர்கள், பித்தளைச் சாமான் கடை, கீழமாட வீதியில் காளத்தி ரோஸ்மில்க். அவகாசம் இருந்தால் லஸ் தேவாலயத்தையும் பார்க்கலாம். பழைய ஆட்கள் காட்டுக் கோயில் என்பார்கள், 1516 என்று பொறித்த கல் அங்கே இருக்கிறது.

மயிலையிலிருந்து சாந்தோம் தேவாலயம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மேல் எழுப்பிய தேவாலயம் இது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது போய், இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896இல் வந்தது. பலர் மேலே பீடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைச் சிற்றாலயம் கீழே தனி வாசலில் இருக்கிறது, கேட்டுப் போய்ப் பாருங்கள். அங்கே பேசக்கூடாது.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எங்கும் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு அறையில் படுங்கள். இந்த ஓய்வை வெட்டினால் மாலையில் யாருக்கும் நடக்கத் தெம்பு இருக்காது.

நான்கு மணிக்குத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். பல்லவர் காலத்து வேர் உள்ள வைணவத் தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு, குடும்பத்தோடு நிற்கிறார். உற்சவர் முகத்தைக் கவனித்துப் பார்த்தால் வடுக்கள் தெரியும். பாரதப் போரில் தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள் என்பது ஐதீகம். தரிசனம் முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலை வாங்காமல் வராதீர்கள். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1921இல் அவர் மறைந்தது இங்கேதான்.

அங்கிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு நடந்தால் பெரிய பள்ளிவாசல், வாலாஜா மசூதி. 1795இல் கட்டியது, முழுக்கக் கருங்கல், மரமும் இரும்பும் சேர்க்கவில்லை என்று சொல்வார்கள். கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகம் உள்ளே கல்லில் இருக்கிறது. அதை எழுதியவர் நவாபிடம் முன்ஷியாக (எழுத்தராக) இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. ரமலானில் வந்தீர்களென்றால் இன்னொன்றும் பார்க்கலாம். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் நோன்பு திறப்பதற்கான உணவைச் சமைத்துக் கொண்டுவந்து இங்கே பரிமாறுவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. என்னைக் கேட்டால் சென்னையில் காண வேண்டியவற்றில் இதுதான் முதல். தொழுகை நேரத்தில் உள்ளே போகாமல் முற்றத்தில் காத்திருங்கள், தலையை மூடத் துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

இருட்டியதும் திருவல்லிக்கேணியில் ரயிலேறிச் சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்குங்கள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சமையல்தான் அத்தோ. பர்மா பஜாரையும் அதன் பின்தெருக்களையும் சுற்றித் தள்ளுவண்டிகள் நிற்கும். அவித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு தட்டை), வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கடைசியில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். வதக்கவே மாட்டார்கள். பக்கத்திலேயே சுடச்சுட வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம் அடைத்துத் தருவதையும் ஒன்று வாங்கிப் பாருங்கள்.

படி 5: ஞாயிற்றுக்கிழமை, கோட்டையும் ஜார்ஜ் டவுனும்

சூரிய உதயத்துக்கு மெரினா. மாலைக் கூட்டத்தில் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். திரும்பும் வழியில் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி. இட்லி மிதக்கிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், தீர்ந்தால் மறுபடி வந்து ஊற்றுவார்கள். வயிற்றை நிரப்பிக்கொண்டு பாரிமுனை போங்கள்.

வாரநாளில் பாரிமுனையில் தலைநிமிர்ந்து பார்க்க முடியாது, லோடு வண்டி இடித்துவிடும். ஞாயிறு காலை கடைகள் மூடியிருப்பதால் கட்டடங்கள் கண்ணில் படும். கடைத்தெரு பார்க்கத்தான் வருகிறேன் என்பவர்கள் மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்பது மணிக்கு அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம். 1712இல் எழுந்தது, இப்போதைய கட்டடம் 1772. இன்று இங்கே வழக்கமான பூசை கிடையாது, ஆனாலும் ஞாயிறு காலை ஒன்பதரை மணி வாக்கில் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகளையும் அடிக்கும் வழக்கம் தொடர்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளியானது இந்த ஊரில். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்தில் இருக்கிறது. அதே தெருவில் அந்தோணியார் திருத்தலம், கச்சாலீசுவரர் கோயில். அடுத்த தெரு தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், 1677இல் சிவாஜி வந்து வழிபட்டதாகச் சொல்லும் கோயில். ஆர்மீனியர் தேவாலயத்தைப் பிற்பகலில் சீக்கிரமே சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் அங்கே போங்கள்.

உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். 1892இல் திறந்த சிவப்புக் கட்டடம், அதன் உயரமான கோபுரம் ஒருகாலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசிய இடத்தைக் குறிக்கும் கல் வளாகச் சுவரில் இருக்கிறது.

பிறகு புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். புனித மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணித்தது. பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காகக் கூரையை நான்கடி கனத்தில் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்கே நடந்தது. உள்ளே போகும் அவசரத்தில் காலடியைப் பார்க்க மறக்காதீர்கள். வெளிமுற்றத்தில் பாவியிருப்பவை பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்த கல்லறைக் கற்கள். ஆங்கிலம், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று எழுத்துகள் மாறி மாறி வரும். ஒரு துறைமுக ஊரில் யார் யார் வாழ்ந்து செத்தார்கள் என்பதை அரைமணி நேரத்தில் அங்கேயே படித்துவிடலாம். அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி கண்ணாடிக்குள் இருக்கிறது.

படி 6: பையில் என்ன, எதை விடுவது

கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தோளும் முழங்காலும் மறைக்கும் பருத்தி உடை, தொப்பி, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சில்லறை. அவ்வளவுதான்.

சௌகார்பேட்டை இனிப்புக் கடைகளும், 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையமும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் வெண்கலங்களும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். வெண்கலங்களுக்கு மட்டுமே அரைநாள் வேண்டும்.

விமானத்தில் திரும்புகிறவர்கள் ஒன்று செய்யலாம். வழியில் பரங்கிமலையில் இறங்குங்கள், விமான நிலையத்துக்குப் பக்கம்தான். மேலே 1523இல் போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயிலும், பழைய பாரசீக எழுத்துகள் பொறித்த கற்சிலுவையும் இருக்கின்றன. ஏறும் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பெட்டிகளோடு படியேற வேண்டாம், வாகனம் மேலே வரை போகும்.