வங்கி வரிச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிகள் மீது புதிய வரி என்ற செய்தி வந்ததும் நம்மில் பெரும்பாலோர் வரி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். முதல் தவறு அதுதான். 2023 ஆகஸ்ட் 7 அன்று இத்தாலியின் மெலோனி அரசு, வட்டி உயர்வால் வங்கிகள் ஈட்டிய மிகை வருமானத்தின் மீது 40 சதவீத வரி விதிப்பதாக அறிவித்தது. மறுநாள் வங்கிப் பங்குகள் சரிந்தன. அன்றிரவே நிதியமைச்சகம், எந்த வங்கியும் தன் மொத்தச் சொத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்காது என்று விளக்கம் கொடுத்தது. தலைப்பில் நின்ற எண் 40. வங்கிகளின் சுமைக்கு எல்லை வகுத்ததோ உச்சவரம்பு. ஆகவே விகிதத்தோடு, எந்தத் தொகையின் மீது வரி, அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அறிவிப்போடு செய்தி முடிந்துவிட்டதாக நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. இத்தாலியில் உண்மையான போராட்டம் அதன் பிறகே நடந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி செப்டம்பரில் தன் ஆட்சேபங்களை எழுத்தில் தெரிவித்தது. ஆட்சிக் கூட்டணிக்குள் இருந்த ஃபோர்சா இத்தாலியா கட்சியும் திருத்தம் கேட்டது. இறுதிச் சட்டத்தில், வரி கட்ட விரும்பாத வங்கி அந்த வரியைப் போல இரண்டரை மடங்குத் தொகையைத் தன் காப்பு நிதியில் ஒதுக்கிக்கொள்ளலாம் என்ற பிரிவு சேர்ந்தது. 100 யூரோ வரி கட்ட வேண்டிய வங்கி, அதை அரசிடம் கொடுத்து இழக்கலாம், அல்லது 250 யூரோவைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அதைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மட்டுமே வரியை வட்டியோடு செலுத்த வேண்டும். இன்டேசா சான்பாவ்லோ, யூனிகிரெடிட் ஆகிய இரு பெரும் வங்கிகளும் ஒதுக்கீட்டையே தேர்ந்தெடுத்தன. வட்டி ஏறித் தவித்த வீட்டுக்கடன்காரர்களுக்கு உதவத்தான் இந்த வரி என்று சொல்லப்பட்டிருந்ததை நினைக்கும்போது, அந்த ஒற்றைப் பிரிவு எவ்வளவு பேரை வெறுங்கையோடு விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லாபி, அதாவது அரசின் முடிவைத் தம் பக்கம் திருப்பும் முயற்சி, என்றாலே மூடிய அறையில் கைமாறும் பணம் என்று எண்ணுவதும் தவறு. அப்படி எண்ணுகிறவர், பட்டப்பகலில் நடக்கும் லாபியைக் காணத் தவறுகிறார். சட்ட வரைவு மீதான கருத்துரை, விளம்பரம், முதலீடு போய்விடும் என்ற எச்சரிக்கை எல்லாம் லாபியின் கருவிகளே. கட்சி நிறத்தை வைத்து அணி பிரிப்பதும் உதவாது. 2017 மே மாதம் ஆஸ்திரேலியாவில் ஐந்து பெரிய வங்கிகள் மீது வரி கொண்டுவந்தது வலதுசாரிக் கூட்டணி அரசு. வங்கிகள் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக அதை எதிர்த்துப் பேசிய அன்னா பிளை, குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் முன்னாள் முதல்வர், இடதுசாரிச் சாய்வுள்ள தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்.

அப்போது எழுந்த வாதம், வரி முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான் விழும் என்பது. அதைக் கணக்குப் பார்க்காமல் திருப்பிச் சொல்லக் கூடாது. நடக்கவே நடக்காது என்று மறுக்கவும் கூடாது. அந்த வரி வங்கியின் கடன் பொறுப்புகள் (வங்கி பிறரிடம் திரட்டி, திருப்பித் தர வேண்டிய பணம்) மீது ஆண்டுக்கு 0.06 சதவீதம், அரசின் காப்புறுதி பெற்ற, 2,50,000 டாலர் வரையிலான வைப்புகளுக்கு விலக்கு உண்டு. 5,00,000 டாலர் வீட்டுக்கடனில் அந்த 0.06 சதவீதத்தை முழுமையாக ஏற்றினாலும் ஆண்டுக்கு 300 டாலர்தான். அதையும் தடுக்க, அந்த வங்கிகளின் வீட்டுக்கடன் வட்டியை 2018 ஜூன் வரை கண்காணிக்கும் பணி சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்திடம் கொடுக்கப்பட்டது.

வங்கிகள் எதிர்த்தால் வரி வராது என்ற சோர்வும் பிழையானதே. அந்த ஐந்து வங்கிகளும் எதிர்த்த மத்திய வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே வங்கிகள் மீது தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு அறிவித்த வரியோ, மாநில மேலவையில் போதிய வாக்கு கிடைக்காததால் அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது.