தேர்தல் நோட்டீஸைக் கீழிருந்து படியுங்கள்

மதுரையில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் பிட் நோட்டீஸ். எந்தத் தேர்தல் விளம்பரமானாலும், என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் யார் காசு என்று பார்ப்பது என் தொழில் புத்தி. அதை நீங்களும் பழகலாம்.

நோட்டீஸ் கைக்கு வந்தால் தலைவர் படத்தை விட்டுவிட்டு அடிவரிக்குப் போங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் பொடி எழுத்திலாவது இருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆர்டர் கொடுப்பவர், தன்னை நேரில் அறிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி தந்தால்தான் நாங்கள் மிஷினை ஓட்டலாம். எதிராளியின் சாதியையும் குடும்பத்தையும் இழுக்கிற மொட்டை நோட்டீஸில் ஏன் அடிவரி இருப்பதில்லை என்று இப்போது புரியும்.

அப்புறம் வேட்பாளர் பெயரைத் தேடுங்கள். சுவாரசியமே இங்கேதான். 2022இல் வைத்த உச்சவரம்புப்படி தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரை செலவழிக்கலாம். கட்சிக்கோ வரம்பே கிடையாது! பெயரும் படமும் போட்டால் செலவு வேட்பாளர் தலையில் விழும். தலைவர் படம், சின்னம், பொதுவான கோஷம் மட்டுமென்றால் கட்சிக் கணக்கு. “அண்ணே, கேண்டிடேட் பேரத் தூக்கிருங்க, சின்னத்தப் பெருசாக்குங்க” என்று ப்ரூஃப் பார்க்கும்போது சொல்வார்கள். அழகுக்காகச் சொல்வதில்லை.

பேப்பரில் முழுப்பக்கச் செய்தி மாதிரி ஏதாவது வந்தால் மூலையில் ‘விளம்பரம்’ என்ற சொல் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அடியில் டிஐபிஆர் (மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறை) என்றோ சிபிசி (மத்திய அரசின் விளம்பரப் பிரிவு) என்றோ தொடங்கும் எண் இருந்தால் அது அரசு விளம்பரம், அதாவது நம் வரிப்பணம். அதில் பிரதமர், குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி படம் மட்டும் வரலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு வருடமே முதல்வர்கள், அமைச்சர்கள் படத்துக்கும் வழிவிட்டது. நடத்தை விதிகள் அமலான பிறகு அரசுக் காசில் சாதனை விளம்பரம் கூடாது. ஆகவே பேப்பரின் தேதியையும் பாருங்கள். டிவி விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும், அதை நாம் தோண்ட வேண்டியதில்லை.

போனில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பேஸ்புக்கின் ‘ஆட் லைப்ரரி’யில் இந்தியா, அரசியல் விளம்பரம் என்று தேர்ந்தெடுத்து வேட்பாளர் பெயரைப் போடுங்கள். யார் பணம் கட்டினார்கள், ஏறக்குறைய எவ்வளவு, எந்த வயதுக்காரர்களுக்குக் காட்டினார்கள் என்பது வரும். கட்சியின் பெயரே இல்லாத மீம் பக்கம் பணம் கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தின் மற்ற விளம்பரங்களையும் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இந்த வசதி இல்லை. அதனால்தானோ என்னவோ எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

புகார் கொடுக்க தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப் இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். படத்தை ஆப்பிலேயே எடுக்க வேண்டும், கேலரியில் இருப்பதை ஏற்றாது.