ரெய்ட் சேர்வர் இழுக்கிறதா? எந்த டிஸ்க் என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் ஓர் அலுவலகம், நாலு ஹார்ட் டிஸ்க்கை ரெய்ட் 5 ஆக (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) கட்டிய லினக்ஸ் சேர்வர் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை சட்டென்று திறந்த கணக்குக் கோப்பு இன்று இழுத்துக்கொண்டே நிற்கிறது. புது சேர்வருக்கு விலை கேட்க ஓட வேண்டாம். ஒரு டிஸ்க் சுணங்கினாலே மற்ற மூன்றும் அதற்காகக் காத்து நிற்கும். அந்த ஒன்றைப் பிடிப்பதுதான் வேலை.

எதையும் தொடுமுன் தரவை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். ரெய்ட் இருக்கிறதே என்று இதை விடாதீர்கள்.

அடுத்து, ப்ராக் கோப்புறைக்குள் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். நாலு ‘யூ’ எழுத்து இருந்தால் நாலு டிஸ்க்கும் வரிசையில் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அது விழுந்துவிட்டது. ரீசிங்க் (டிஸ்க்குகளை மறுபடி ஒத்திசைப்பது) அல்லது செக் (சரிபார்ப்பு) ஓடினால் பயப்படத் தேவையில்லை, முடியும்வரை மந்தமாகத்தான் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தாலும் ரீசிங்க் தானாகத் தொடங்கும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் இழுக்கிறதா? சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவி, ஒவ்வொரு டிஸ்க்கின் வேலையையும் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ் தெரிவோடு 2 வினாடிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். முதலில் வரும் அட்டவணையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது சேர்வர் தொடங்கியதிலிருந்து வந்த சராசரி. அப்புறம் வருவதில் ‘அவெய்ட்’ என்று முடியும் நிரல்களைப் பாருங்கள், ஒரு வேலை முடிய எடுத்த நேரம் மில்லிவினாடியில் இருக்கும். மூன்று டிஸ்க்கில் 10, 12 என்றிருக்க ஒன்றில் மட்டும் 400 என்றால் அதுதான். நாலும் ஒரே அளவில் ஏறியிருந்தால் அநேகமாக வேலைப்பளு. ரெய்ட் 5 இல் சின்னதாக ஒன்றை எழுதவும் பழைய தரவையும் பரிட்டியையும் (இழந்த தரவைத் திரும்பக் கணிக்க உதவும் தகவல்) படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும், மொத்தம் 4 வேலை. தரவுத்தளம் ஓடும் சேர்வருக்கு, பரிட்டி இல்லாமல் தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதிவைக்கும் ரெய்ட் 10 தான் நான் சொல்வேன்.

சந்தேகப்பட்ட டிஸ்க்கை, அது தன் நிலை பற்றி வைத்திருக்கும் பதிவைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் சோதியுங்கள். 5, 197 ஆகிய இலக்க வரிகளின் (டிஸ்க்கில் பழுதான இடங்களின் கணக்கு) கடைசி எண் கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 (கேபிள் வழியே தரவு போகும்போது வரும் பிழைகளின் கணக்கு) மட்டும் கூடினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கல்லடியில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. சேர்வரை நிறுத்தி, கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்து டிஸ்க்கின் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். மங்கியோ புள்ளி விழுந்தோ இருக்கலாம். புதுக் கேபிள் போட்ட பின்னும் அந்த எண் குறையாது. மேலே ஏறாமல் நின்றால் போதும்.

தனி ரெய்ட் கார்ட் உள்ளவர்கள் அதன் கேஷைக் (எழுதவேண்டிய தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) காக்கும் பற்றரியையும் பாருங்கள். அது செத்துவிட்டால் பல கார்டுகள் ரைட்-பேக்கை (கேஷில் வைத்து, பிறகு டிஸ்க்கில் எழுதுவது) விட்டு ரைட்-த்ரூவுக்கு (நேரே டிஸ்க்கில் எழுதி முடிப்பது) மாறிவிடும், அப்போது எழுதும் வேகம் விழும். பற்றரி இல்லாமல் ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கரண்ட் போனால் கேஷில் இருந்த தரவும் போய்விடும்.

டிஸ்க்கை மாற்றுவதென்றால், கழற்றுமுன் திரையில் காட்டும் சீரியல் இலக்கத்தை லேபலோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே ஒன்று விழுந்த ரெய்ட் 5 இல் தவறி நல்ல டிஸ்க்கை இழுத்தால் மொத்தமும் நின்றுவிடும்.