லூர் பெட்டிக்குள் துரு வளர்ப்பது எப்படி: படகுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்த்தேக்கக் கரையில் பீக்காக் பாஸ் மீன் பிடித்துப் பழகிய பையன்கள் இப்போது வரிசையாகப் படகுக்கு வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் லூர் (செயற்கை இரை) பெட்டிகளைத் திறந்து பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு காலத்தில் நாங்கள் எல்லாரும் பண்ணின அதே கூத்து, இப்போது இன்னும் விலை உயர்ந்த லூர்களோடு நடக்கிறது.

தூண்டில் முள்ளில் கை வைக்காதே, பெட்டியைக் கவிழ்க்காதே என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு தடவை குத்தினால் தானாகப் புரிந்துவிடும். தானாகப் புரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் உள்ள அத்தனையையும் படகில் ஏற்றுவது

நம் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடங்களில் மட்டும்தான், அதுவும் செயற்கை இரையால் மட்டும்தான் மீன் பிடிக்கலாம். அதனால் ஊரில் எல்லாரிடமும் லூர் குவிந்து கிடக்கிறது. குவிந்ததை எல்லாம் படகுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. நாலு பேர் ஏறினால் கால் வைக்க இடம் இல்லாத படகில் மூன்று பை எதற்கு?

போகும் இடத்தைப் பார்த்து முந்தின இரவே ஒரு பெட்டி அடுக்குங்கள். ஜொகூர் நீரிணையில் கெலோங் (கடல் மீன் பண்ணை) ஓரமாகக் கொடுவாய் மீனுக்கு என்றால் இறால் லூர், ரப்பர் மீன், கொஞ்சம் ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த முள்), ஒன்றிரண்டு வைப் (இழுக்கும்போது அதிரும் லூர்). தெற்குத் தீவுகள் பக்கம் என்றால் மெட்டல் ஜிக் (கனமான உலோக லூர்). மலேசியாவில் ஏரிப் படகில் தோமானுக்கு (பெரிய விரால் வகை மீன்) என்றால் தவளை லூரும் பஸ்பெய்ட்டும் (நீர்மட்டத்தில் சலசலத்து ஓடும் லூர்). மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஈர லூரைத் திரும்பப் பெட்டிக்குள் போடுவது

இதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன். இத்தனை வருடம் ஆகியும் இதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

போன வருடம் ஒரு தம்பி எங்களோடு உபின் தீவுப் பக்கம் வந்தான். நல்ல ஜப்பான் லூர்கள், ஒவ்வொன்றும் 20, 30 வெள்ளி, புதுப் பெட்டியில் பார்க்கவே அழகாக வரிசையாக வைத்திருந்தான். காலையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தான், கடிக்கவில்லை. கழற்றி, சொட்டச் சொட்டப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இன்னொன்றைக் கட்டினான். "தம்பி, அதை வெளியில வை" என்றேன். "காஞ்சிடும்ணே" என்றான். கரைக்கு வந்ததும் பெட்டியை மூடி, வீட்டில் பாம் ஷெல்டருக்குள் (குண்டு விழுந்தால் பதுங்கும் அறை) தள்ளிவிட்டான். சில வாரம் கழித்துப் போன் வந்தது: "அண்ணே, ரெண்டே ரெண்டு லூர்தான் தண்ணியில போட்டேன். எல்லாமே துரு பிடிச்சிருக்கு. இது எப்படிண்ணே?"

இப்படித்தான். கடல்தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமே 80க்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஆக, முள்ளில் ஒட்டிய உப்பு நம் ஊரில் ஒவ்வோர் இரவும் மறுபடி உப்புத் தண்ணீராகிறது. ஏர்கான் அறையில் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கும்.

இரண்டு லூரில் இருந்த உப்பு மற்றவற்றுக்கு எப்படிப் போனது? படகு குலுங்கும்போது, பையைத் தூக்கிப் போடும்போது, பெட்டிக்குள் சொட்டுத் தண்ணீர் அறைக்கு அறை ஓடுகிறது. தடுப்புகளுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதே, அது போதும். முட்கள் ஒன்றோடொன்று உரசி மேல்பூச்சு கீறுகிறது, அடியில் இருக்கும் எஃகு வெளியே தெரிகிறது. பாஸ் மீனுக்கென்று நன்னீரை நினைத்துச் செய்த லூர்களில் வரும் முட்களின் பூச்சு கடலுக்குத் தாங்காது. அவைதான் முதலில் போகும். துருக்கறை லூரின் வெள்ளை வயிற்றில் இறங்கிவிட்டால் தேய்த்தாலும் முழுசாகப் போகாது.

இதில் என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது, கடைக்காரர்கள் சொல்லும் தீர்வு. "வாட்டர்ப்ரூஃப் பெட்டி வாங்குங்க." ரப்பர் வளையம் வைத்த பெட்டி வெளியே இருந்து அடிக்கும் அலைத் தண்ணீரைத் தடுக்கும், நல்லதுதான். உள்ளே ஈர லூரைப் போட்டு மூடினால் அதே வளையம் ஈரத்தை வெளியே விடாது. அந்தத் தம்பியின் பெட்டியும் அப்படிப்பட்டதுதான். சாதாரணப் பெட்டியாக இருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். சிலிகா ஜெல் பொட்டலமும் அப்படியே. காய்ந்த லூரோடு போட்டால் உதவும். ஈர லூரோடு போட்டால் ஒரே நாளில் நிரம்பி, அப்புறம் சும்மா கிடக்கும். நிறம் மாறும் மணிகள் உள்ளதாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்றாவது தெரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். படகில் ஓட்டை போட்ட ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா வையுங்கள். ஒரு தடவை தண்ணீரைத் தொட்ட லூர் அன்றைக்கு அந்த டப்பாவுக்குத்தான் போகும், பெட்டிக்குத் திரும்பாது. வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் சும்மா காட்டாமல், வாளி நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப் போடுங்கள். முள்ளை லூரோடு இணைக்கும் வளையங்களுக்குள் மாட்டிய உப்பு ஊறினால்தான் கரையும். உதறிவிட்டு மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க விடுங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே தண்ணீர் பட்டிருந்தால் பெட்டியையும் கழுவுங்கள். துணி காயப்போடும் கழியில் லூரைத் தொங்கவிடும் மகானுபாவர்கள் உண்டு. பன்னிரண்டாவது மாடியிலிருந்து டிரெபிள் முள் (மூன்று முனை முள்) ஒன்று கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். வேட்டியில் மாட்டினால் வீட்டில் என்ன ஆகும் என்றும்.

கடலுக்கு ஒரு பெட்டி, நீர்த்தேக்கத்துக்கு ஒரு பெட்டி. இரண்டையும் கலக்காதீர்கள்.

ரப்பர் புழுவையும் கெட்டி லூரையும் ஒன்றாக வைப்பது

ரப்பர் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலானவை பிவிசிதான். அதை வளைய வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கெட்டி லூரின் பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட் பிசுபிசுத்துக் கரையும். சில பெட்டிகளின் அடிப்பாகமே உருகும். பெட்டியைத் திருப்பி அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் கவலை இல்லை. 6 என்றால் ரப்பரை உள்ளே விடாதீர்கள்.

இழுத்தால் ரொம்பத் தூரம் நீளும் வகை ரப்பர் ஒன்று இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. அது வேறு பொருள். பிவிசியோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒரே கூழாகிவிடும். எந்த ரப்பரானாலும் வந்த உறையிலேயே விடுவது நல்லது. நிறமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்காது. தோமானுக்கான தவளை லூருக்கும் இதே விதி. அதைக் கால் மடங்கும்படி திணித்து வைத்தால் கோணலாகவே நீந்தும்.

மூடியைத் தாழிடாமல் படகை ஓட்டுவது

தாழிடுங்கள்.

பெயரை மூடி மேல் எழுதுவது

படகு லாக்கருக்குள் பெட்டிகள் செங்குத்தாக நிற்கும். மூடி தெரியாது. விளிம்பில் எழுதுங்கள்.

பெட்டியைத் திறந்தபடி வெயிலில் விடுவது

நண்பகலில் படகின் மேல்தளம் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ரப்பர் தளரும், வால் வளையும், ஒட்டிய கண் கழன்று விழும். எடுத்தவுடன் மூடி நிழலுக்குத் தள்ளுங்கள். படகின் லாக்கரும் எப்போதும் காய்ந்திருக்காது; அடியில் தண்ணீர் தேங்கும். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் போட்டால் போதும்.

பாம் ஷெல்டரில் பூட்டி வைப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வேறு இடம் இல்லை, புரிகிறது. கதவை மூடினால் அந்த அறையில் காற்றோட்டம் குறைவு. நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் உள்ளே வையுங்கள், கதவை அவ்வப்போது திறந்துவிடுங்கள்.

துரு பிடித்த லூரைத் தூக்கி எறிவது

அந்தத் தம்பி பாதியைக் குப்பையில் போடப் பார்த்தான். லூரின் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. முள்ளை வெட்டியெடுத்துவிட்டுப் புது முள் போடச் சொன்னேன். வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். துருப்பிடித்த வளையம் பெரிய மீன் இழுக்கும்போதுதான் விரியும். முள்ளின் எடையையும் கவனியுங்கள். நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும்படி செய்த லூருக்குக் கொஞ்சம் கனமான முள் போட்டாலே அது மூழ்கிவிடும். மாட்டியதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் ஒரு அளவு சிறிய முள் போடுங்கள்.